முதியோர் வகுப்பும் ஒன்றாம் வகுப்பும்: சொல்லிக்கொடுப்பதில் என்ன வித்தியாசம்?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை. பகலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, எண்ணும் எழுத்தும் பாடங்கள். மாலையில் அதே கட்டடத்தில் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் மையம் நடக்கிறது. 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. எங்கள் ஊரில் வருபவர்கள் எல்லாம் நாற்பது, ஐம்பது தாண்டிய அம்மாக்கள். தன்னார்வலராக இருந்த பெண் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டதால் இப்போது நானே பார்த்துக்கொள்கிறேன்.

காலையில் எடுபடுவது எதுவும் மாலையில் எடுபடுவதில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்தைத் தலைகீழாக எழுதிவிட்டுக்கூடப் பலகையை உயரத் தூக்கிக் காட்டும். இவர்கள் சரியாக எழுதிவிட்டு முந்தானையால் மூடிக்கொள்கிறார்கள். பிள்ளைக்குக் கைதட்டினால் இன்னும் நான்கு எழுத்து எழுதும். இந்த அம்மாக்களுக்குக் கைதட்டினால் முகம் சுருங்கிவிடுகிறது. ஆனால் ஒன்று புரியவைத்துவிட்டால் வேகம் வேறு மாதிரி இருக்கிறது. 'கா, சா, தா எல்லாவற்றிலும் கால் இருக்கிறது, கால் போட்டால் சத்தம் நீளும்' என்று ஒரு முறைதான் சொன்னேன். மீதி எழுத்துகளுக்கு அவர்களே கால் போட்டுப் படித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இது பல வாரப் பயிற்சியில் பழகிப் பழகி வருவது. அதே அம்மாக்கள் கு, சு, டு, மு வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். அங்கே விதி கிடையாது, ஒவ்வொன்றும் ஒரு வடிவம், மனப்பாடம்தான். பிள்ளைகள் அதை எந்தச் சிரமமும் இல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

இரண்டு தரப்புக்கும் சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். எழுத்தறிவு என்று இல்லை, பாட்டோ தையலோ எதுவானாலும் சரி.

கரும்பலகை எழுதியது:

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் நான். டீச்சர், இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது, எளியதிலிருந்து கடினத்துக்குப் போவது, இவை எல்லா வயதுக்கும் பொது. பெரியவர்களுக்குப் பொறுமையும் திரும்பத் திரும்பச் சொல்வதும் கொஞ்சம் அதிகம் தேவைப்படும், அவ்வளவுதான். வயதாகிவிட்டால் மண்டையில் ஏறுவது மெதுவாகத்தான் இருக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெரியவர்கள் சொன்னது அனுபவத்தில் சொன்னதுதானே.

பழையஅறிவொளி எழுதியது:

கரும்பலகை சார், உங்கள் அனுபவத்தின் மீது மரியாதை வைத்தே மறுக்கிறேன். அந்தப் பழமொழியை 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தெருத்தெருவாகக் கேட்டவன் நான். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தேன், அப்போது கல்லூரி மாணவன். சொன்னவர்கள் வாத்தியார்களோ பண்ணையார்களோ மட்டும் இல்லை, படிக்க வர வேண்டிய அம்மாக்களே சொன்னார்கள். 'எங்களுக்கு இனிமே எங்கப்பா' என்று. தங்களைப் பற்றி ஊர் சொன்னதை நம்பிவிட்ட மாணவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, அது வேறு வகுப்பு சார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன்னால் முடியாது என்று இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் அந்த எண்ணத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் எங்கள் மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளும் வந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தோடு சேர்த்தே நடத்தினார். வெளியே இருந்து பார்த்தவர்களுக்குப் படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். வயல்காட்டிலும் கல் குவாரியிலும் வேலை செய்த பெண்கள், பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து எழுந்து சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்தார்கள். அந்தப் பாரில் குழந்தையையும் உட்காரவைத்துக்கொள்ள வசதியாகப் போயிற்று. சைக்கிள் ஓட்டத் தெரிந்தபின் 'எனக்கு இனிமே எங்கே' என்ற பேச்சை அந்தப் பெண்களிடம் நான் கேட்கவில்லை. சிலேட்டைப் பிடித்த கையிலேயே ஒரு உறுதி தெரிந்தது.

இரண்டாவது விஷயம், எதிலிருந்து தொடங்குவது என்பது. பிள்ளைக்கு அ அம்மா, ஆ ஆடு என்றால் போதும். பிள்ளைக்கு அந்த ஆட்டைப் பார்த்தாலே சந்தோஷம். ஆடு மேய்த்தே வாழ்க்கை போன அம்மாவுக்கு ஆட்டுப் படத்தைக் காட்டி 'இது என்ன' என்று கேட்டால் அவருக்கு என்ன தோன்றும்? அதனால் கூலி, கடன், தண்ணீர், ரேஷன் என்று அவர்கள் வாழ்க்கையில் கிடக்கும் சொல்லை எடுத்து முதலில் பேசுவோம். பேச்சு சூடாகி, ஆளுக்கு ஆள் சொல்லத் தொடங்கியபின் அந்தச் சொல்லை எழுதிக்காட்டி எழுத்து எழுத்தாகப் பிரிப்போம். பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் 1963இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் விவசாயக் கூலிகளோடு செய்துகாட்டிய வழி இது. சுமார் 300 பேர், 40 மணி நேரம். மறு வருடம் ராணுவ ஆட்சி வந்து அவரைச் சிறையில் போட்டது. கூலிக்காரர்கள் கூலி என்ற சொல்லைப் படிக்கப் பழகுவது சிலருக்கு எவ்வளவு பயத்தைக் கொடுத்தது பாருங்கள்.

மையத்தில் அதிகம் பேசியது நாங்கள் இல்லை, அவர்கள்தான். உரத்துக்கு என்ன விலை, எந்தக் கடையில் எடை குறைகிறது, யார் வீட்டில் என்ன பிரச்சினை எல்லாம் வரும். பள்ளிக்கூடத்தில் இந்தச் சத்தத்துக்குப் பிரம்பு எடுத்திருப்பார்கள். முதியோர் வகுப்பில் அந்தச் சத்தம்தான் பாடம்.

சரளிவரிசை எழுதியது:

பாட்டு பற்றியும் எழுதலாம் என்றதால் வருகிறேன். வீட்டில் கர்நாடக சங்கீதம் சொல்லித்தருகிறேன். சாயங்காலம் பிள்ளைகள், காலையில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அக்காக்களும் இரண்டு மூன்று சார்களும்.

எல்லோருக்கும் தொடக்கம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஸ்வரப் பயிற்சிதான், புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வழி. பிள்ளைகள் ஏன் என்று கேட்பதில்லை. ஸ ரி க ம என்றால் ஸ ரி க ம. மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், ஓடிக்கொண்டே பாடுவார்கள், பாதியில் தண்ணீர் குடிக்கப் போவார்கள். பெரியவர்கள் முதல் நாளே கேட்பது, 'கீர்த்தனைக்கு எப்போது வருவோம்?' முன்பெல்லாம் இதை அவசரம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர்கள் வந்ததே ஒரு குறிப்பிட்ட பாட்டுக்காக. அறுபது வயதில் வந்தவரிடம் 'நான்கு வருடம் பொறுங்கள்' என்று சொல்வது நியாயமில்லை. சரளியோடு சேர்த்து ஒரு சின்ன நாமாவளியையும் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் பெரிய வித்தியாசம் காதில்தான். பிள்ளைக்குத் தொண்டையும் காதும் ஒன்றாக வளர்கின்றன. ரிஷபம் என்கிற ரி கொஞ்சம் தள்ளி விழுந்தால் அதற்கே தெரியாது, அதனால் பயமும் கிடையாது. பெரியவர்கள் முப்பது வருடம் நல்ல பாட்டாகக் கேட்டுக் காதை வளர்த்துக்கொண்டு வருகிறார்கள். தொண்டை அப்போதுதான் தொடங்குகிறது. தன் அபசுரம் தனக்கே கேட்டுவிடும். கேட்டதும் சத்தம் உள்ளே போய்விடும், உள்ளே போனால் சுருதி இன்னும் கலையும். இந்த இடத்தில் எத்தனையோ பேர் நின்றுவிடுகிறார்கள். நான் அவர்களைத் தனியாகப் பாடச் சொல்வதே இல்லை, நெடுநாள் என் குரலோடு சேர்ந்துதான். பிள்ளைகளுக்கு நேர் எதிர். தனியாகப் பாடவைத்தால்தான் காது திறக்கும்.

ஸ்காபரோ_தம்பி எழுதியது:

வணக்கம், கனடாவில் இருந்து. சனிக்கிழமைகளில் எங்கட பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வார நாட்களில் புதிதாக வந்த பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் உதவியாளர். லிங்க் என்று 1992இல் இருந்து நடக்கிற அரச திட்டம் அது.

கரும்பலகை ஐயா சொன்ன 'வயது போனால் ஏறாது' என்பதற்கு ஒன்று. 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நெதர்லாந்துக்குப் போன ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் டச்சு மொழி பழகினதைப் பார்த்தது. மூன்று வயதுப் பிள்ளையில் இருந்து பெரியவர்கள் வரை. முதல் மாதங்களில் வேகமாக முன்னுக்கு வந்தவர்கள் பதின்ம வயதினரும் பெரியவர்களும்தான். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் கடைசியில் நின்றார்கள். காலம் போகப் போகப் பிள்ளைகள் எட்டிப் பிடிப்பது உண்மை, உச்சரிப்பில் தாண்டியும் விடுவார்கள். ஆனால் தொடக்கத்தில் பெரியவர் மந்தம் என்பது சரியில்லை.

என் இரண்டு வகுப்பிலும் நான் காண்பது வேறொன்று. சனிக்கிழமைப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஏன் என்ற காரணம் அம்மா அப்பாவிடம்தான் இருக்கிறது. அவர்களை ஒரு மணித்தியாலம் இருத்திவைக்க விளையாட்டு, கதை, போட்டி எல்லாம் வேணும். ஆங்கில வகுப்பில் இருக்கிற அம்மாவுக்குக் காரணத்தை நான் உண்டாக்கத் தேவையில்லை. டொக்டரிடம் மகனைக் கூட்டிக்கொண்டு போகாமல் தன் உடல் வருத்தத்தைத் தானே சொல்ல வேணும். அவ்வளவுதான் கேட்கிறார். நான் அதை விட்டுவிட்டு வினைச்சொல் அட்டவணையை நீட்டினால் அடுத்த கிழமை வர மாட்டார். பிள்ளைக்குப் பாடம் பிடிக்காவிட்டாலும் பெற்றோர் கொண்டுவந்து விடுவார்கள். பெரியவர் எழும்பிப் போய்விடுவார்.

கிணற்றடி எழுதியது:

நான் படித்தவன் இல்லை, கிணற்றில் நீச்சல் பழக்குகிறவன். சின்னப் பிள்ளைக்கு இடுப்பில் சுரைக்குடுவையோ லாரி டியூபோ கட்டித் தள்ளிவிட்டால் அலறிக்கொண்டே கை காலை அடித்து மேலே வந்துவிடும். பெரியவர்களைத் தள்ளவே கூடாது. ஒரு தரம் தள்ளினால் அந்தக் கிணற்றுப் பக்கமே வர மாட்டார்கள். படியில் உட்காரவைத்து, இடுப்பளவு, மார்பளவு என்று அவர்களாக இறங்கும்வரை காத்திருக்கணும். தண்ணீரில் செத்தவர்கள் யாரையாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைக்கு அது தெரியாது.

மாலைவகுப்பு எழுதியது:

கிணற்றடி அண்ணா, நீங்கள் எழுதியதை என் மையத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மாக்களும் பட்டவர்கள்தான். வங்கியில் 'கைநாட்டா? அந்தப் பக்கம் போங்க' என்று சொல்லக் கேட்டவர்கள். பேருந்துப் பலகையைப் பக்கத்தில் இருப்பவரிடம் படிக்கச் சொல்லி, அவர் முறைத்ததைப் பார்த்தவர்கள். சிலேட்டை மூடிக்கொள்வது ஏன் என்று இப்போது தெரிகிறது.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் வரத் தொடங்கியபின் மையத்துக்கு ஆள் கூடியது. ஆயிரம் ரூபாய் வந்ததா இல்லையா என்று செல்போனில் குறுஞ்செய்தி வருகிறது. அதைப் பேரனிடம் கொடுத்துப் படிக்கவைத்தால் அவனுக்கும் பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறதாம். ஆகவே இந்த வாரம் பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் குறுஞ்செய்தியைத்தான் படிக்கப்போகிறோம்.

அறிவொளி அண்ணா, கூலி என்ற சொல்லைப் பேசி எழுதியதாகச் சொன்னீர்கள். அந்த வகுப்பில் கையெழுத்தை எப்படிப் பழக்கினீர்கள்? அரிவாள் பிடித்த கை பென்சிலை அழுத்துகிற அழுத்தில் முனை முறிந்துகொண்டே இருக்கிறது.

பழையஅறிவொளி எழுதியது:

தங்கச்சி, பென்சிலைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். கோலப்பொடி வாங்கித் தரையில் எழுதவையுங்கள். சிக்குக்கோலம் இழுக்கிற கைக்கு ழ, ஞ எல்லாம் பெரிய வளைவே இல்லை. பெரிதாக எழுதிப் பழகியபின் சாக்பீஸ், அப்புறம் பென்சில். பிள்ளைக்கு விரல் இன்னும் பலப்படவில்லை என்பதால் பெரிதாக எழுதவைக்கிறோம். இவர்களுக்கு விரல் பலம் அதிகம் என்பதால். முதலில் அவரவர் பெயரைக் கொடுங்கள், அ வரிசையைக் கொடுக்காதீர்கள். பெயரை எழுதிவிட்ட அம்மா மறுநாள் கட்டாயம் வருவார்.

உளவியல்_மாணவன் எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்கிறீர்களோ என்று தோன்றுகிறது. பெரியவர்களுக்கு அனுபவம் உண்டு, காரணம் உண்டு, மானம் உண்டு. சரி. பிள்ளைகளுக்கு இவை இல்லையா?

அதே பிரேசிலில், ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்கும் சிறுவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 1985இல் வெளிவந்தது. கடையில் நின்று 'பத்துத் தேங்காய் எவ்வளவு, நோட்டுக்கு மீதி எவ்வளவு' என்று கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே கணக்கைத் தாளில் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37தான் சரி. பரிசோதித்தது ஐந்து சிறுவர்களை மட்டும்தான், ஆனாலும் எந்த ஆசிரியரும் மறக்க முடியாத முடிவு. அந்தச் சிறுவர்களுக்கு வயது ஒன்பது முதல் பதினைந்து. அனுபவம் பெரியவர்களின் சொத்து மட்டும் இல்லை. நாம்தான் பள்ளி வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம்.

முதியோர் கல்வி பற்றி அதிகம் எழுதிய மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கர், 1970இல் எழுதிய புத்தகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியையும் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியையும் எதிரெதிராகத்தான் நிறுத்தினார். 1980இல் திருத்திய பதிப்பு வந்தபோது துணைத் தலைப்பையே மாற்றிவிட்டார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாதை என்று. பள்ளி ஆசிரியர்கள் பலர் பெரியவர்களுக்கான அந்த வழியைப் பிள்ளைகளிடம் முயன்று, நன்றாக எடுபட்டது என்று சொன்னதுதான் காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1931, 32இல் உஸ்பெகிஸ்தானில் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் பள்ளிக்கே போகாத விவசாயிகளிடம் ஒரு கேள்வி கேட்டார். வடக்கே பனி உள்ள இடத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை, இன்ன ஊர் வடக்கே பனியில் இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம்? அவர்கள் சொன்ன பதில்களின் சாரம்: நான் அங்கே போனதில்லை, பார்க்காததைப் பற்றி நான் எப்படிச் சொல்வது. இதைப் புத்திக்குறைவாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை அது நேர்மையான மனிதரின் பதில். வாத்தியார் விடை தெரிந்துகொண்டே கேள்வி கேட்பார் என்பது பள்ளியில் மட்டும் உள்ள விளையாட்டு. பிள்ளை அந்த விளையாட்டை ஒன்றாம் வகுப்பிலேயே கற்றுக்கொள்கிறது. பள்ளிக்குப் போகாத பெரியவருக்கு அது விசித்திரமாக இருக்கிறது. ஆட்டுப் படத்தைக் காட்டி 'இது என்ன' என்பதும் அந்த வகைக் கேள்விதான். பெரியவர் திகைக்கிறார், பிள்ளை பழகிவிடுகிறது. பழகிவிட்டது என்பதற்காக அது பிள்ளைக்கு நல்லது என்று ஆகிவிடாது.

கரும்பலகை எழுதியது:

இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன். தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்து, பின்னால் மாநிலம் முழுக்கப் பரவியபோது, பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டை எடுத்துத் தங்கள் வேகத்தில் போனார்கள். ஆசிரியரும் தரையில். எங்களில் பலருக்கு அது ஏற்கவே முடியாததாக இருந்தது. அறிவொளிக்காரர்கள் திண்ணையில் செய்ததற்கும் அதற்கும் தூரம் அதிகம் இல்லை.

ஆனால் காலம் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பள்ளி என்பதே வேலை. காலை முதல் மாலை வரை, வருடத்துக்கு இருநூறு நாளுக்கு மேல். அம்மாக்களுக்கு நடவு, களை, அறுப்பு, வீட்டில் பிரசவம், ஊரில் திருவிழா. ஒரு மாதம் வராமல் போய்த் திரும்பி வந்தால் பாதி எழுத்து மறந்திருக்கும். முதியோருக்கான பாடத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறும் படிகளாக அமைத்தால், நடுவில் விட்டவர் விட்டவர்தான். ஒவ்வொரு நாளும் தனியாக நிற்கும் பாடமாக இருக்க வேண்டும். இன்று வந்தவர் இன்றே ஏதாவது ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

வயதாகிவிட்டால் ஏறாது என்று எழுதியதைப் பற்றியும் யாராவது மூளை சம்பந்தமாகத் தெரிந்தால் சொல்லுங்கள்.

உளவியல்_மாணவன் எழுதியது:

சார், லக்னோ அருகே கிராமத்துப் பெண்கள் இந்தி எழுதப் படிக்கக் கற்றதைப் பற்றி 2017இல் ஆய்வு வந்தது. பெரும்பாலும் முப்பதுகளில் இருந்தவர்கள், அதற்கு முன் பெரும்பாலோருக்கு ஒரு சொல்கூடப் படிக்கத் தெரியாது. ஆறு மாதம் கற்றார்கள். முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில் பார்வையோடு தொடர்புள்ள பகுதிகளில், அதுவும் ஆழத்தில் உள்ள தலாமஸ், மூளைத்தண்டு வரை மாற்றம் தெரிந்தது. பெரியவர்களின் மூளை இறுகிப்போய்விடுகிறது என்பதற்கு நல்ல பதில் அது.

சரளிவரிசை எழுதியது:

அருமை. என் காலை வகுப்பு அக்காக்களிடம் இதை வாசித்துக் காட்டப்போகிறேன்.

மாலைவகுப்பு எழுதியது:

கரும்பலகை சார், 'இன்று வந்தவர் இன்றே கொண்டுபோக வேண்டும்' என்பதைக் குறித்து வைத்துக்கொண்டேன். எனக்கு இருக்கும் அடுத்த கவலை எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வு. வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு, ஒவ்வொன்றுக்கும் 50, மொத்தம் 150 மதிப்பெண். தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். எண்ணறிவில் எனக்குப் பயமே இல்லை. வட்டிக் கணக்கை என்னைவிட வேகமாகச் சொல்கிறார்கள். தேங்காய் விற்ற சிறுவர்கள் மாதிரியே தாளில் எழுதினால்தான் தடுமாற்றம்.

பழையஅறிவொளி எழுதியது:

தேர்வை மறைக்க வேண்டாம் தங்கச்சி, ஆனால் தேர்வுத் தாள் மாதிரியையே ஒரு மாலை நடுவில் போட்டு எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள். பார்த்து எழுதினாலும் பரவாயில்லை. தாள் பழகிவிட்டால் பயம் பாதி போய்விடும். வட்டிக் கணக்கை அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல நீங்கள் பலகையில் எண்ணாக எழுதுங்கள். தாங்கள் ஏற்கெனவே போடும் கணக்குதான் அது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

வந்து நின்றுபோன இரண்டு பேர் வீட்டுக்கு நீங்கள் போக வேண்டாம். கூட்டாளிகளை அனுப்புங்கள். டீச்சர் தேடி வந்தால் அது வராததற்கு விசாரணை மாதிரி ஆகிவிடும்.

செவிலியர்_மதுரை எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்று கேட்கலாமா? உங்கள் அம்மாக்களில் எத்தனை பேருக்குக் கண் பரிசோதனை ஆகியிருக்கிறது? நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். படித்தவர்களுக்குப் பேப்பர் படிக்கும்போது தெரிந்துவிடும், கண்ணாடி வாங்கிவிடுவார்கள். படிக்காதவர்களுக்கு ஊசியில் நூல் கோக்கும்போதும் அரிசியில் கல் பொறுக்கும்போதும் மட்டும்தான் தெரியும். அதை வயது என்று விட்டுவிடுவார்கள். கு, சு, டு, மு வரிசையில் நிற்பதாகச் சொன்னீர்களே, அந்தச் சின்னச் சுழி வித்தியாசம் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிக்கே வந்து பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கிறார்கள். முதியோர் மையத்தில் நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

மாலைவகுப்பு எழுதியது:

அக்கா, இதை யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை. இன்று மாலை சிலேட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஏழு பேரில் ஐந்து பேர் தள்ளிப் பிடித்தால் படிக்கிறார்கள், கிட்டக் கொண்டுவந்தால் இல்லை. கு-வும் சு-வும் பெரிதாகச் சுவரில் எழுதியபோது தடுமாற்றம் நன்றாகக் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் முகாம் எப்போது என்று கேட்டேன், அடுத்த வியாழன் என்கிறார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் காலையில் வேலை. முகாமுக்குப் பதிலாக மாலையில் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா?

செவிலியர்_மதுரை எழுதியது:

முகாமுக்கு வரும் கண் பரிசோதகரிடம் நேராகப் பேசுங்கள். முகாம் முடிந்து போகும் வழியில் அரை மணி நேரம் மையத்துக்கு வரச் சொல்லிக் கேளுங்கள், பலர் வருவார்கள். பெயர், வயது, ஆதார் எண் எழுதிய பட்டியலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை அம்மாக்களே எழுதட்டும்.